இரண்டாவது ஜாய்ஸ்டிக்

பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு ஜாய்ஸ்டிக்கில் ஒன்றில் மட்டும்தான் தூசி இருந்தது.

முதலாவது, முப்பத்தொரு வருஷத்துச் சாமான் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. இடுக்கில் கறுப்பு அடை, பழுப்பேறிய பிளாஸ்டிக், அழுத்தினால் மேலே வர யோசிக்கும் பொத்தான்கள். இரண்டாவது சுத்தமாக இருந்தது. துடைத்த சுத்தமில்லை, புழங்கிய சுத்தம். நாலு பேர் கை படும் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி அதன் சிவப்புப் பொத்தான்கள் நடுவில் குழிந்து பளபளத்தன. ரகுநாத் அதைக் கையில் எடுத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போன மாதிரி.

பாயில் வைத்துவிட்டு உள்ளங்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான். ஆடி மாசத்து வெயில், பிளாஸ்டிக் சீக்கிரம் சூடு வாங்கும் என்று ஒரு காரணம் கிடைத்தது. பெட்டி ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கு அடியில் இருந்ததை அந்தக் காரணம் கண்டுகொள்ளவில்லை. காரணம் கண்டுபிடிப்பது அவனுக்குக் கைவந்த வேலை. அவன் ஓர் ஆய்வாளன்.

அதாவது, அப்படித்தான் சொல்லிக்கொண்டான். கீரனூர்ப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். ஆலங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்வருவான். மிச்ச நேரத்தில் 'பிக்சல் பெட்டகம்' என்று ஒரு யூடியூப் சேனல் நடத்தினான். அறுநூற்றுப் பன்னிரண்டு சப்ஸ்கிரைபர்கள். அதில் பாதிப் பேர் இன்டர்னல் மார்க்குக்குப் பயந்து சேர்ந்த மாணவர்கள். ஊரில் மற்றவர்கள் எல்லாம் பழைய டிவி கேம்களைப் பற்றிச் சும்மா பேசுகிறார்கள், தான் ஒருவன்தான் ஆவணப்படுத்துகிறோம் என்பது அவன் நம்பிக்கை. யாராவது ஜாய்ஸ்டிக் என்றால், "கன்ட்ரோல் பேட்" என்று திருத்துவான். திருத்தி முடித்த அடுத்த வாக்கியத்தில் அவனே ஜாய்ஸ்டிக் என்பான். விசிட்டிங் கார்டில் 'மின்விளையாட்டு வரலாற்று அறிஞர்' என்று போட்டு, அறிஞர் என்பதை மட்டும் தங்க எழுத்தில் அடித்திருந்தான். ஏழாவது படிக்கும் மகள் இலக்கியா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, அறிஞர்னு மத்தவங்கதானே சொல்லணும்?"

"மத்தவங்க சொல்லட்டும்னுதான் கார்டு அடிச்சிருக்கேன்."

அன்றைக்குச் சாயங்காலம் புதுக்கோட்டையில் அவனுக்கு விருது. ஒரு பண்பாட்டு மன்றம் மாதாமாதம் 'பல்துறைச் சுடர்' விருது கொடுத்துக்கொண்டிருந்தது. விருது வாங்காதவர்கள் மாவட்டத்தில் குறைந்துகொண்டே வந்ததால் கடைசியில் அவன் முறையும் வந்துவிட்டது. பொன்னாடைக்கு முன்னால் அவனுடைய புதிய படத்தைத் திரையில் போடுவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். மூன்று மணிக்குள் அனுப்பியாக வேண்டும். தலைப்பு தயார்: 'ஸ்கை ஹார்னெட்: கடையிலிருந்து வீட்டுக்கு, ஒரு மீள்பார்வை'.

ஸ்கை ஹார்னெட் என்பது ஒரு சுடுகிற விளையாட்டு. வானத்தில் ஒரு சின்ன விமானம், எதிரே பூச்சிக் கூட்டம் மாதிரி எதிரிகள். முதலில் அது காசு போட்டு நின்றுகொண்டே ஆடும் ஆளுயரப் பெட்டியாகக் கடைகளுக்கு வந்தது. பிறகு டிவியில் மாட்டி ஆடும் வீட்டுப் பதிப்பாகச் சுருங்கியது. சுருங்கியதில் என்னென்ன போயின என்று ரகுநாத் பதினொரு பக்கம் எழுதி வைத்திருந்தான். கடைப் பெட்டியில் மூன்று வகை வெடிச்சத்தம், வீட்டில் ஒன்று. கடையில் வானம் ஓடும், வீட்டில் கறுப்பு. எதிரி எட்டைத் தாண்டினால் படம் மினுக்கும். கடைப் பெட்டிக்கு ஒரு முடிவு உண்டு, வீட்டுப் பதிப்புக்கு முடிவே கிடையாது, ஐந்தாம் கட்டம் தாண்டினால் மறுபடி முதல் கட்டம். கடைப் பெட்டியை அவன் கண்ணால் பார்த்ததில்லை. அது அவனுடைய ஒப்பீட்டுக்கு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை.

ஆனால் வீட்டுப் பதிப்பில் கடைப் பெட்டிக்கு இல்லாத ஒன்று இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். ஆளுக்கு மூன்று உயிர். தன்னுடையது மூன்றும் தீர்ந்தவன், இரண்டு சிவப்புப் பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மற்றவனிடமிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டாம், அவன் சம்மதிக்கவும் வேண்டாம். கடையில் காசு போட்டால் உயிர் வரும், வீட்டில் காசு போட ஓட்டை இல்லை, அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் எடுக்கிற ஏற்பாடு என்பது ரகுநாத்தின் கோட்பாடு. படத்தின் உச்சமே அதுதான். அதைக் கேமரா முன்னால் செய்து காட்டவேண்டும்.

அதற்குத்தான் இந்தப் பெட்டி. போன வாரம் அரிமளம் போய் அமராவதி அத்தையிடம் வாங்கி வந்தான். அப்பாவின் தங்கை. புருஷன் ரெங்கசாமி மஸ்கட்டில் இருந்தபோது மகனுக்காகக் கொண்டுவந்த சாமான் அது. மகன் சரவணக்குமார் பன்னிரண்டு வயசில் போய்விட்டான். புருஷனும் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. அத்தை மட்டும் அந்த வீட்டில் இருந்தாள்.

கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போயிருந்தான். அத்தை அவனுக்கு மோர் கொடுத்தாள், சுகர் எவ்வளவு என்று விசாரித்தாள், அவன் கேட்டு முடிப்பதற்குள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து முன்னால் வைத்தாள். புதுத் துண்டில் கட்டியிருந்தது. துண்டின் நாலு மூலையிலும் மஞ்சள்.

"எடுத்துட்டுப் போய்யா மருமகனே. நீ வந்து கேப்பேன்னு தெரியும்."

"வேலை செய்யுமா அத்தை?"

"வருசா வருசம் செய்யுதே."

ஆடி அமாவாசைக்குச் சரவணன் போட்டோவுக்கு முன்னால் இலை போட்டு, அவனுக்குப் பிடித்தது எல்லாம் வைத்து, இதையும் டிவியில் மாட்டிப் போட்டுவிடுவாளாம். போட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுவாளாம். முப்பது வருஷமாக.

"இந்த வருசம் முட்டி ஒத்துழைக்கல. நீயே ஒன் வீட்டுல போட்டு விட்டுரு. உச்சிப் பொழுதுக்குப் போட்டுட்டுக் கதவைச் சாத்திரு. வேற ஒண்ணும் வேணாம்."

"யாரு அத்தை ஆடுவா?"

"அவன்தான். எப்பவும் ரெண்டாவது ஆளாத்தானே ஆடுவான்." அத்தை அவனையே பார்த்தாள். "மொத ஆளுக்குத்தான் ஆளில்ல."

படத்துக்கு நடுவில் இதை வைத்தால் ஒரு நெகிழ்ச்சி கிடைக்கும் என்று ரகுநாத் நினைத்துக்கொண்டான். வேறு எதுவும் தோன்றவில்லை. சரவணன் விஷயத்தில் அவனுக்கு எப்போதுமே ஒன்றும் தோன்றியதில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி அந்த இடம் மட்டும் இருக்கும், தொட்டால் தெரியாது.

நடந்தது இவ்வளவுதான். தொண்ணூற்று நாலு, மே மாச லீவு. ரகுநாத்துக்குப் பதினாலு வயசு. உயிர் எடுக்கிற வித்தையை அவன் தற்செயலாகக் கண்டுபிடித்திருந்தான், சரவணனுக்குச் சொல்லவில்லை. தினமும் எடுத்தான். "மச்சான், எனக்கு மூணு இருந்துச்சே, எங்க போச்சு?" என்பான் சரவணன். "கம்ப்யூட்டர் எடுத்துக்கும்டா மாப்ள" என்பான் இவன். சரவணன் திரையின் இடது ஓரத்தை விட்டு வரவே மாட்டான். அங்கேயே ஒட்டிக்கொண்டு இரண்டு இரண்டாகச் சுடுவான். டக் டக். கொஞ்சம் நிறுத்தி, டக் டக்.

கடைசி நாள் அவனுக்குக் காய்ச்சல். அப்படியும் ஆட உட்கார்ந்தான். ரகுநாத் அவனிடமிருந்து ஒன்று எடுத்தான், இரண்டு எடுத்தான், மூன்றாவதையும் எடுத்தான். சரவணன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டுப் பாயில் சாய்ந்து, இவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். முக்கால் மணி நேரம். அத்தை கஞ்சி டம்ளரோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"அவனையும் ஆட விடேன்டா ரகு."

"அவன் ஆட்டம் முடிஞ்சிருச்சு அத்தை" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொழுது சாய்வதற்குள் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். திரும்ப வந்தபோது வேனில் படுத்து வந்தான்.

*

பதினொன்றே முக்காலுக்கு எல்லாம் தயாராக இருந்தது. பின்பக்க அறைதான் ஸ்டுடியோ. பரோட்டாக் கடையில் கேட்டு வாங்கிய முட்டை அட்டைகளைச் சுவர் நெடுக ஒட்டியிருந்தான். ஜன்னலில் பழைய மெத்தை. அசல் தன்மைக்காக ஒரு குண்டு டிவி, பழைய இரும்புக் கடையில் பிடித்தது. ஸ்டாண்டில் செல்போன். ஆடும்போது தன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க, முன்பக்கக் கேமராவைத்தான் போடுவான்.

மனைவி அருணா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். கை முழுக்க வடை மாவு. அமாவாசை என்பதால் அவளுக்கு வேறு வேலை இருந்தது. மாமனார் மாமியாருக்குப் படைத்து, மாடியில் காக்காய்க்கு வைத்து, அது எடுத்த பிறகுதான் சாப்பாடு.

"அரிமளத்துப் பெரியம்மா சொன்ன மாதிரி போட்டு விட்டுட்டு வாங்க. காக்கா எடுத்ததும் சாப்பிடலாம்."

"போடத்தான் போறேன். அப்படியே ஷூட்டிங்கையும் முடிச்சுர்றேன். ரெண்டும் ஒண்ணாப் போச்சு."

அருணா நகரவில்லை. "உள்ள ஆள் இருக்கக் கூடாதுங்க. படைச்சாக் கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளியதான வருவோம்."

"அது சோறு வெச்சாத்தான். இது பிளாஸ்டிக்கு."

"அப்ப எதுக்குச் சாத்தச் சொன்னாங்க?"

"நானும் சாத்தத்தானே போறேன். ஆடியோவுக்கு."

இறந்தவர்கள் வந்து சாப்பிடும்போது உயிருள்ளவர்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது, கதவைச் சாத்தி வெளியே நிற்கவேண்டும், திரும்பத் திறக்குமுன் செருமவேண்டும் என்பதை அந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. அத்தையும் கதவைச் சாத்தச் சொன்னாளே தவிர, உள்ளே இருக்காதே என்று சொல்லவில்லை. அருணா ஒரு நிமிஷம் அவனைப் பார்த்துவிட்டு, "ஒங்க இஷ்டம், அறிஞரே" என்று போய்விட்டாள்.

கதவைச் சாத்தினான். மழைக்கு ஊறித் தடித்த கதவு, தோளால் முட்டினால்தான் சட்டத்தில் பொருந்தும். முட்டினான். ஃபேனை நிறுத்தினான், அதுவும் ஆடியோவுக்குத்தான். அறை உடனே புழுங்கத் தொடங்கியது. முட்டை அட்டைகள் வெளிச்சத்தத்தை விழுங்கிவிட்டன, கூடவே அவன் மூச்சுச் சத்தத்தையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தன. அட்டையின் ஈரக் காகித வாடை, சூடேறும் டிவியின் தூசி வாடை, அதற்கு அடியில் எங்கேயோ நொய்க்கஞ்சி வாடை. அடுப்படியில் இன்றைக்குக் கஞ்சி வைக்கவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. பாயில் உட்கார்ந்தான். முதல் ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தான். இரண்டாவது அவனுக்கு இடதுபக்கம், ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. செல்போனில் சிவப்புப் புள்ளி எரிந்தது. திரையில் தன் முகம், பின்னால் முட்டை அட்டை.

"வணக்கம். பிக்சல் பெட்டகத்தின் இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க..."

நிறுத்தினான். சிறப்புமிக்க என்பதில் குரல் சரியில்லை. மறுபடி சொன்னான். மூன்றாம் முறை திருப்தியாக வந்தது. கடைப் பெட்டியின் வானத்தைப் பற்றி, நேரில் பார்த்தவன் போல ஏக்கத்தோடு இரண்டு நிமிஷம் பேசினான். பிறகு டிவியில் மாட்டியிருந்த விளையாட்டுப் பெட்டியைப் போட்டு, இரண்டு பேர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தான்.

கறுப்பு வானம். கீழே வலதுபக்கம் சிவப்பு விமானம், அதற்கு நேரே மூன்று. அது அவன். இடதுபக்கம் நீல விமானம் இருக்க வேண்டும். இல்லை. நீல எண் மட்டும் இருந்தது.

சைபர்.

மூன்று மூன்றாகத்தான் ஆட்டம் தொடங்கும். அணைத்தான். கேசட்டை உருவி, ஊதி, திரும்பச் செருகினான். போட்டான். சிவப்பு மூன்று, நீலம் சைபர். மறுபடி அணைத்தான். இந்தப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது, கரண்டை நிறுத்தினால் எல்லாம் அழிந்துவிடும், அதை அவனே ஒரு வீடியோவில் பத்து நிமிஷம் விளக்கியிருக்கிறான். பதினேழு பேர் பார்த்தார்கள். போட்டான். சிவப்பு மூன்று, நீலம் சைபர்.

நீலத்தின் கணக்கு கடைசியாக எப்போது சைபர் ஆனது என்று அவனுக்குத் தெரியும். அந்த நினைப்பு வந்தது, நின்றது, போகவில்லை. அதைச் சுற்றி ஒன்றும் வலிக்கவில்லை.

"சில பிரதிகளில் இந்தக் கோளாறு காணப்படுகிறது" என்று கேமராவிடம் சொன்னான்.

எதிரிகள் இறங்கத் தொடங்கின. அவன் கை பழைய பழக்கத்தில் தானாக ஆடியது. மாடியிலிருந்து, மெத்தையையும் மீறி, அருணாவின் குரல் மெல்லியதாக வந்தது. கா, கா. காக்காயைக் கூப்பிடுகிறாள். கொஞ்சம் விட்டு, கா, கா. வரவில்லை போல.

அப்போது பாயில் ஒரு சத்தம் கேட்டது.

இரண்டு பொத்தான்கள் சேர்ந்து அமுங்கும் சத்தம். தனித்தனியாக அழுத்தினால் டக் டக் என்று வரும். சேர்த்து அழுத்தினால் ஒரே சத்தம், கொஞ்சம் கனமாக. அந்தச் சத்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கோடை லீவு முழுக்க அதைச் சரவணன் காதில் விழாமல் அமுக்கி அமுக்கிப் பழகியவன்.

சிவப்பு இரண்டு.

நீலம் ஒன்று.

நீல விமானம் திரையின் இடது ஓரத்தில் வந்து நின்றது. ஓரத்தோடு ஒட்டிக்கொண்டது.

டக் டக். கொஞ்சம் நிறுத்தி, டக் டக்.

ரகுநாத் இடதுபக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் ஜாய்ஸ்டிக் மட்டும் கிடக்கும், ஒயரில் லூஸ் கான்டாக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். திரும்பாமலே அதைச் சொல்லிக்கொண்டான். எழுந்து கதவைத் திறந்துவிடலாம் என்று காலை ஊன்றினான்.

கால் இல்லை.

இருந்தது. பாயின் மேல் மடங்கிக் கிடந்தது. பாதத்திலிருந்து முழங்கால் வரை அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கிள்ளினான். வேறு யாரையோ கிள்ளுவது போல இருந்தது. சுகர், என்று நினைத்தான். பாதம் மரத்துப்போகும் என்று டாக்டர் போன மாசமே சொன்னார். நாளைக்கே டெஸ்ட் எடுக்க வேண்டும். கோளாறு, ஒயர், சுகர். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. அறையில் இப்போது தைல வாடை அடித்தது. தைலமும், ஈரத் துணியும், காய்ச்சல் உடம்பின் வாடையும்.

நீல விமானம் மேல் எதிரி ஒன்று மோதியது. சரவணன் எப்போதும் அப்படித்தான், ஓரத்தை விட்டு நகரத் தெரியாது. நீலம் சைபர்.

ஆட்டத்தை அணைத்துவிடலாம். சுவிட்சு கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அணைக்கிற கை ஜாய்ஸ்டிக்கை விட வேண்டும். விட்டால் அவன் விமானம் அடிபடும். இன்னும் இரண்டுதான் இருக்கிறது.

இப்படி அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே அந்தக் கனமான சத்தம் வந்தது.

சிவப்பு ஒன்று. நீலம் ஒன்று.

குளிர்ச்சி இல்லை, வலி இல்லை. இடுப்பு போயிற்று. வயிறு போயிற்று. ஈரத் துணியை மடித்து உள்ளே வைத்த மாதிரி நெஞ்சு அடங்கியது. மரத்துப்போதல் மெதுவாக ஏறி, கழுத்தில் வந்து நின்றது. கையும் கண்ணும் மட்டும் மிச்சம். கத்தவேண்டும் என்பது தெரிந்தது. வாயைத் திறந்தான். செல்போன் திரையில் அவன் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

கதவுக்கு வெளியே காலடி. அருணா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

"என்னங்க, காக்கா வரவே மாட்டேங்குது. இன்னும் எவ்வளவு நேரம்?"

டக் டக். டக் டக்.

"என்னங்க?"

அவள் கை கதவில் பட்டது. மரம் சட்டத்தில் உரசியது. ஒரு தள்ளு போதும். ரகுநாத் தன் முழு உயிரையும் கண்ணில் கொண்டுவந்து கதவைப் பார்த்தான். பார்த்த அந்த நொடியில் விமானம் தடுமாறியது. கண்ணை மறுபடி திரைக்குத் திருப்பினான்.

அவளுடைய செல்போன் அடித்தது.

"இந்தா, பெரியம்மாவே கூப்புடுறாங்க." சோறு ஒட்டிய கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள் போல. அத்தையின் குரல் இரைச்சலோடு வந்தது, கதவைத் தாண்டி ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே வந்து விழுந்தது.

"தாயி, போட்டு விட்டாச்சா?"

"ஆச்சு பெரியம்மா. உச்சிக்கே போட்டாரு."

"கதவு?"

"சாத்தித்தான் இருக்கு. ஆனா இவரும் உள்ளயே ஒக்காந்துட்டாரு. சொன்னாக் கேக்கல. வீடியோ எடுக்குறாராம். நான்தான் இப்பத் தெறக்கலாம்னு..."

அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இருக்கட்டும் தாயி" என்றாள் அத்தை. "தெறக்காத."

"இல்ல பெரியம்மா, உள்ள ஆள் இருக்கக் கூடாதுன்னு..."

"இத்தன வருசமா அவன் ஒத்தையிலதான் ஒக்காந்துருந்தான். இன்னைக்குத்தான் மச்சான் கூட இருக்காரு. அவன் ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னு மருமகன்தான் அன்னைக்குச் சொன்னாரு. எனக்கு என்னமோ முடிஞ்ச மாதிரி தெரியல." குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. மோர் கொடுத்த அதே குரல். "சத்தம் கேக்குதா உள்ள?"

அருணா காதை வைத்துக் கேட்டிருக்க வேண்டும். "கேக்குது. சுடுற சத்தம். நல்லாத்தான் ஆடுறாரு."

"அப்பச் சரி. அந்தச் சத்தம் தானா நிக்கிற வரைக்கும் யாரும் தெறக்க வேணாம். படையல் தாயி. பாதியில தெறக்கக் கூடாது."

அருணா கதவிலிருந்து கையை எடுத்தாள். மரம் திரும்பவும் சட்டத்தில் பொருந்தும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் தானாக நிற்காது. ஐந்தாம் கட்டம் தாண்டினால் மறுபடி முதல் கட்டம். அதை ஒரு குறையாக மூன்றாம் பக்கத்தில் எழுதி வைத்திருந்தான்.

எதிரி எட்டைத் தாண்டியது. படம் மினுக்கியது. மினுக்கலில் நீல விமானம் மறைந்து, தெரிந்து, மறைந்தது. வெடித்தது. நீலம் சைபர்.

இடதுபக்கம், அவன் தோளுக்குப் பக்கத்தில், யாரோ மூச்சை இழுத்தார்கள். சளி கட்டிய மூச்சு. சூடாக இருந்தது.

மச்சான், என்றது அது. அவ்வளவுதான்.

கனமான சத்தம்.

சிவப்பு சைபர்.

வெடித்த விமானத்தின் துணுக்குகள் கறுப்பில் அணைந்தன. ரகுநாத் பாயில் சாய்ந்துகொண்டிருந்தான். எப்போது சாய்ந்தான் என்று தெரியவில்லை. நீலம் இடது ஓரத்தில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. பதற்றம் இல்லை. பயம்கூட, வெளியூரில் யாருக்கோ நடந்த செய்தி மாதிரி, தூரத்தில் இருந்தது. ஒரு வழி இருக்கிறது என்று அவனுக்கு ஞாபகம் வந்தது. சைபர் ஆனவன் எடுக்கலாம். அது விதி. நீலத்திடம் ஒன்று இருக்கிறது. இரண்டு பொத்தான்கள். சேர்த்து ஒரு தடவை. அதைக் கண்டுபிடித்ததே அவன்தான்.

அழுத்தினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினான். விரல் அமுங்கியதா என்று தெரியவில்லை. விரல் இருக்கிறதா என்று தெரியவில்லை. குனிந்து பார்க்கக் கழுத்து வரவில்லை. கண் மட்டும் மெல்ல நகர்ந்து ஸ்டாண்டில் இருந்த செல்போனுக்குப் போனது.

மாடியில் இறக்கை அடிக்கும் சத்தம். அருணாவின் குரல், நிம்மதியாக.

"வந்துருச்சு. எடுத்துருச்சு."

செல்போனில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. திரையில் முட்டை அட்டைச் சுவர். சுவருக்கு முன்னால் பாய். பாயின் இடதுபக்கம் ஒரு பையன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். நெற்றியில் ஈரத் துணி. முழங்கைகள் இரண்டையும் தொடையில் ஊன்றி, நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, கண் எடுக்காமல் ஆடிக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பக்கத்தில் பாய் காலியாக இருந்தது. முதல் ஜாய்ஸ்டிக் மட்டும் கிடந்தது. அதன் பொத்தான்களில் கை படாத தூசி.